‘கூட்டாளி’ என்ற அந்த ஒரு சொல்லை எடுக்க முடியுமா?

மதுரைக்கு மேற்கே, தேனி சாலையை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆறு பக்கக் கடிதம். ஆளையும் ஊரையும் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

“என் கொழுந்தனுக்கு 29 வயது, லேத் பட்டறையில் வேலை. பத்தொன்பது நாளைக்கு முன்னால் ராத்திரி ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாப் கடையில் பரோட்டா வாங்க நின்றான். வழிப்பறி வழக்கில் தேடப்பட்ட ஒரு ஆளைப் பிடிக்க மஃப்டியில் போலீஸ் வந்தது. அந்த ஆள் அரிவாளை எடுத்தான் என்கிறார்கள். இரண்டு தடவை சுட்டார்கள். ஒன்று அவன் காலில், இன்னொன்று என் கொழுந்தன் முதுகில். பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான். மறுநாள் செய்தியில் அவனைக் ‘கூட்டாளி’ என்று போட்டார்கள். ஊரே ரோட்டில் உட்கார்ந்தது. இரண்டு நாள் உடலை வாங்கவில்லை. மூன்றாவது நாள் அதிகாரிகள் வந்து நிவாரணத் தொகை அறிவித்தார்கள், ஊர்ப் பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்கள், புதைத்துவிட்டோம். இப்போது மறியல் செய்ததற்காக 23 பேர் பெயரும் ‘மற்றும் 150 பேர்’ என்றும் போட்டு எங்கள் ஊர் மேல் வழக்கு. அதில் போலீஸ் எழுத்துத் தேர்வு பாஸான என் நாத்தனார் மகன் பெயரும் இருக்கிறது. பிளஸ் ஒன் படிக்கிற என் மகன், சுட்ட அன்று நடந்ததை மொட்டை மாடியிலிருந்து செல்போனில் வீடியோ எடுத்திருக்கிறான். பையன்கள் சிலருக்கு அது தெரிந்து, முப்பதாம் நாள் வெளியிட்டு மறுபடி மறியல் செய்யலாம் என்கிறார்கள். பெரியவர்கள், பணம் வாங்கியாச்சு, இனி அரசாங்கத்தைப் பகைக்கக் கூடாது என்கிறார்கள். தாசில்தார் உத்தரவே இல்லாமல் சுட்டது ஒன்று போதாதா? சி.பி.ஐ. வந்தால்தானே நியாயம் கிடைக்கும்? என் மாமியார் பணத்தைப் பற்றியும் பேசவில்லை, வழக்கைப் பற்றியும் பேசவில்லை. ‘கூட்டாளின்னு போட்டதை மட்டும் எடுக்கச் சொல்லு’ என்கிறார். முடியுமா?”

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி, கொழுந்தன் எவ்வளவு நல்ல பிள்ளை என்று எனக்குப் புரியவைக்க எழுதியது. குடிக்க மாட்டான், ஊர்த் திருவிழாவில் அன்னதானத்துக்கு முதல் ஆளாக நிற்பான், ஸ்டேஷனில் ஒரு பெட்டி கேஸ்கூடக் கிடையாது. அதைப் படிக்கப் படிக்க எனக்கு மனசு கனத்துப்போனது. வீட்டில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த நீங்கள், அவன் சாகத் தகுந்தவன் இல்லை என்று ஊருக்கும் உலகத்துக்கும் நிரூபிக்கும் வேலையையும் சேர்த்துத் தலையில் தூக்கி வைத்திருக்கிறீர்கள். அதைக் கீழே இறக்கி வையுங்கள். குடிகாரனாகவே இருக்கட்டும், மூன்று வழக்கு இருக்கட்டும், கடை வாசலில் வெறுங்கையோடு நின்றவன் முதுகில் குண்டு பாய்ந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியவர் துப்பாக்கியை வைத்திருந்தவர்தான். தற்காப்புக்காகச் சுட்டேன் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சாட்சியச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

சட்டம் எங்கே உங்கள் பக்கம், எங்கே இல்லை

தாசில்தார் உத்தரவு விஷயத்தை முதலில் சரிசெய்துவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. அந்த உத்தரவுப் பேச்செல்லாம் சட்டவிரோதமாகக் கூடிய கூட்டத்தைக் கலைக்கும்போது வருவது. அன்று அங்கே கூட்டம் எதுவும் இல்லை, ஒரு ஆளைப் பிடிக்க வந்தார்கள். அதனால் இந்த வாதம் உங்களுக்கு உதவாது, அதிலேயே நின்றால் நல்ல வாதங்கள் கைநழுவிப் போகும்.

நல்ல வாதங்கள் இருக்கின்றன. கைது செய்யும்போது பலத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் போக்க உரிமை இல்லை என்று பி.என்.எஸ்.எஸ். என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43-வது பிரிவு சொல்கிறது. உங்கள் கொழுந்தன் மேல் எந்தக் குற்றச்சாட்டுமே இல்லை. இதற்குப் போலீஸ் தரப்பு என்ன பதில் சொல்லும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பி.என்.எஸ். என்கிற தண்டனைச் சட்டத்தில் 44-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது: உயிருக்கே ஆபத்தான தாக்குதலைத் தடுக்கும்போது, பக்கத்தில் இருக்கிற அப்பாவிக்கு அடிபடும் ஆபத்தை ஏற்காமல் தற்காத்துக்கொள்ள முடியாது என்றால், அந்த ஆபத்தை ஏற்கிற அளவுக்கும் தற்காப்பு உரிமை நீளும். இதைத்தான் அவர்கள் கையில் எடுப்பார்கள். ஆகவே வழக்கு முழுக்க அந்தச் சில நொடிகளைச் சுற்றித்தான் ஓடும். அரிவாள் நிஜமாகவே ஓங்கப்பட்டதா, எத்தனை அடி தூரத்தில், முதல் குண்டு காலில் பட்டு ஆள் விழுந்த பிறகு இரண்டாவது குண்டு எதற்கு, கடையில் நின்றவர்களை விலகச் சொன்னார்களா, வெளிச்சம் எப்படி, அடிபட்டவனை யார் எத்தனை நிமிஷம் கழித்துத் தூக்கினார்கள். உங்கள் கொழுந்தனின் குணநலன் இதில் எங்கேயும் வராது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவர்கள் பரோட்டா மாஸ்டரும், அன்று பஸ்ஸுக்கு நின்றவர்களும்தான். நாள் ஆக ஆக அவர்கள் ஞாபகம் மங்கும், பயம் கூடும்.

2014 செப்டம்பரில், பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த மகாராஷ்டிர என்கவுன்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 வழிமுறைகளை வகுத்தது. போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டு நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். சம்பந்தப்பட்ட ஸ்டேஷனே விசாரிக்கக் கூடாது, சி.ஐ.டி. அல்லது வேறு ஸ்டேஷன் குழு ஒரு மூத்த அதிகாரியின் மேற்பார்வையில் விசாரிக்க வேண்டும். பிரேதப் பரிசோதனையை இரண்டு மருத்துவர்கள் செய்ய வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். சுட்ட ஆயுதத்தை ஒப்படைத்துத் தடயவியல் சோதனைக்கு அனுப்ப வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். இதெல்லாம் நடக்கவில்லை என்று குடும்பத்துக்குத் தோன்றினால் அந்தப் பகுதி செஷன்ஸ் நீதிபதியிடம் புகார் கொடுக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இந்தக் கடைசி வழி பலருக்குத் தெரியாது. இந்தத் தீர்ப்பை ஊர்ப் பெரியவர்கள் கையில் ஒரு பிரதி கொடுங்கள். நாம் கேட்பது சலுகை இல்லை என்று அவர்களுக்கும் தெரிந்தால் தைரியம் வரும்.

பணம் வாங்கியதால் எதுவும் முடிந்துவிடவில்லை

பெரியவர்கள் மேல் கோபப்படாதீர்கள். மூன்றாவது நாள், பிணவறை வாசலில் பெற்ற தாய் மயங்கி விழுகிறார், ஊர்ப் பெண்கள் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறார்கள், அப்போது எடுத்த முடிவு அது. ஆனால் அவர்கள் நினைப்பது தவறு. நிவாரணத் தொகை அரசாங்கம் தருவது, சுட்டவரோடு செய்துகொண்ட சமரசம் ஆகாது. உயிரிழப்புக் குற்றத்தைப் பணம் வாங்கிக்கொண்டு முடிக்கச் சட்டத்தில் இடமே இல்லை. பேச்சுவார்த்தையின்போது யாராவது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்களா என்று கேட்டுப் பாருங்கள். வாங்கியிருந்தால் அதன் நகல் வேண்டும். ‘இனி வழக்கு வேண்டாம்’ என்று அதில் எழுதியிருந்தாலும் விசாரணையை அது நிறுத்தாது. 1993-ல் நீலபதி பெஹரா வழக்கில், அரசு ஊழியர்களால் உயிர் பறிபோனால் அரசே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அடிப்படையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டு இன்னும் கூடுதலாகக் கேட்கலாம், ஏற்கெனவே வந்ததைக் கழித்துக்கொள்ளச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

சி.பி.ஐ. பற்றி. தூத்துக்குடியில் 2018 மே 22-ல் தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள், போராட்டத்துக்குப் போகாத, திரேஸ்புரத்தில் வீட்டருகே நடந்துபோன ஒரு பெண்ணும் அதில் ஒருவர். அந்த வழக்கை அதே ஆண்டு ஆகஸ்டில் மதுரைக் கிளைதான் சி.பி.ஐ.க்கு மாற்றியது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 17 போலீசார் மேல் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்த அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகும் அந்தக் குடும்பங்கள் கோர்ட் படி ஏறுவது நிற்கவில்லை. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. எந்த ஏஜென்சி என்பதைவிட, முதல் மாதத்தில் என்ன ஆதாரம் பதிவாகிறது என்பதுதான் வழக்கைக் காப்பாற்றும். சி.பி.சி.ஐ.டி. விசாரணை கேளுங்கள், நீதிமன்றத்தின் கண்காணிப்பு கேளுங்கள். சி.பி.ஐ. இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம் என்று நிற்காதீர்கள்.

பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வீடியோவும் உங்கள் கைக்கு வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. வரவில்லை என்றால் இன்றே எழுத்தில் கேளுங்கள். காவல் மரண வழக்குகளில் இரண்டையும் குடும்பத்துக்குத் தர வேண்டும் என்று மதுரைக் கிளை 2020-ல் உத்தரவிட்டிருக்கிறது, உங்கள் வழக்குக்கும் அதைக் காட்டிக் கேட்கலாம். குண்டு எந்தக் கோணத்தில் நுழைந்தது என்பது அதில்தான் இருக்கும். எரிக்காமல் புதைத்தது இந்த வகையில் நல்லது, தேவைப்பட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவில் தோண்டி எடுத்து மறுபடி பரிசோதிக்க முடியும். சொல்லவே சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: முப்பதாம் நாளுக்குள் சிமெண்ட் பூசிச் சமாதி கட்டிவிட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

அந்த செல்போன்

இதை எழுதும்போது எனக்கே கை பதறுகிறது, தங்கச்சி, ஏனென்றால் ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் சட்டைப்பையில் இந்த வழக்கின் உயிர் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு வழக்கில் இதே மாதிரி நல்ல வீடியோ இருந்தது. வாட்ஸ்அப்பில் நூறு பேருக்குப் போனது, யாரோ பாட்டு சேர்த்தார்கள், யாரோ வட்டம் போட்டார்கள். கோர்ட்டில் ஒரிஜினல் எங்கே என்று கேட்டபோது, எடுத்தவர் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கியிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆகவே அந்தப் போனை அப்படியே வையுங்கள். மகனுக்கு வேறு போன் கொடுங்கள். ரீசெட் வேண்டாம், அழிக்க வேண்டாம், யாருக்கும் ஃபார்வர்டு வேண்டாம். சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழோடு, கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணோடு பிரதி எடுத்து வக்கீல் மூலம் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். போலீஸ் வந்து கேட்டால் மறைத்தோம் என்ற பெயர் வரக் கூடாது, பிரதி ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருக்கும்போது மகஜர் (போனைக் கைப்பற்றியதற்கான பதிவு) எழுதச் சொல்லி, நகல் வாங்கிக்கொண்டு கொடுங்கள். மகன் நேராக மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்க மனு போடலாம், அதன் பிறகு அவனை மிரட்டுவதில் யாருக்கும் பெரிய லாபம் இருக்காது. சாட்சியாக விசாரிக்க உங்களையோ மாமியாரையோ ஸ்டேஷனுக்குக் கூப்பிட முடியாது, பெண்களை வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும். ஆனால் பையன்களுக்கு அந்தச் சலுகை 15 வயதுக்குள்தான், உங்கள் மகனுக்கு அது கிடைக்காது. அதனால் வக்கீல் இல்லாமல் அவன் எங்கேயும் போகக் கூடாது. 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்பு கேட்கலாம். 2025-ல் மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்த வழக்கில், ஒருவர் செல்போனில் எடுத்த சின்ன வீடியோ மதுரைக் கிளை முன்னால் வைக்கப்பட்டு எவ்வளவு வேலை செய்தது என்று எல்லோரும் பார்த்தோம். எடுத்தவர் பாதுகாப்பு கேட்க வேண்டி வந்ததையும் பார்த்தோம்.

பரோட்டா கடை, எதிரே ஏதாவது பெட்ரோல் பங்க் இருந்தால் அங்கே உள்ள கேமரா பதிவுகள் சில வாரத்தில் தானாக அழிந்து, அதன் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும். பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. பாதுகாக்கச் சொல்லி எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் நாளைக்கே மனு போக வேண்டும். மற்ற எதையும்விட இது அவசரம்.

ஊர் மேல் போட்ட வழக்கு

23 பேரும் ஒளிந்து திரிய வேண்டாம். எஃப்.ஐ.ஆர். நகல் எடுத்து என்னென்ன பிரிவு என்று பாருங்கள். பொதுச்சொத்து சேதச் சட்டம் (டி.என்.பி.பி.டி.எல்.) சேர்த்திருந்தால் முன்ஜாமீனுக்குச் சேதத் தொகையைக் கட்டச் சொல்லும் வாய்ப்பு உண்டு, ஊர்ப் பொதுப்பணத்தில் அதற்கு ஒதுக்கி வையுங்கள். சேர்ந்து ஒரே வக்கீலை வைத்தால் செலவு குறையும். மறியலின்போது பஸ் கண்ணாடியை உடைத்தது யார் என்று எனக்கு எழுத வேண்டாம், ஆனால் உடைத்தவர் இருந்தால் அவருக்குத் தனி வக்கீல் வையுங்கள். மற்ற 22 பேரும் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

நாத்தனார் மகன் விஷயம் தனி. போலீஸ் வேலைக்கான விதிகளில் நிலுவையில் உள்ள வழக்கு தடை, அதோடு ‘சந்தேகத்தின் பலனை’ அளித்து விடுதலை என்று தீர்ப்பில் இருந்தாலும் சிக்கல். அதனால் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காமல், அவன் பெயரை மட்டும் ரத்து செய்யக் கேட்டு மதுரைக் கிளையில் பி.என்.எஸ்.எஸ். 528-வது பிரிவு மனு போடுங்கள். மறியல் நடந்த நேரத்தில் அவன் பெரியாஸ்பத்திரியில் பிணவறை வாசலில் இருந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் காட்டும் எதுவானாலும் சேர்த்து வையுங்கள், ஆட்டோ ரசீது, போன் பே பதிவு, அங்கே எடுத்த ஒரு போட்டோ. சரிபார்ப்புப் படிவத்தில் வழக்கு இருப்பதை மறைக்கவே கூடாது. வழக்கைவிட மறைத்ததுதான் பல பிள்ளைகளின் வேலையைப் பறித்திருக்கிறது.

அரசே வழக்கைத் திரும்பப் பெறவும் வழி இருக்கிறது. தூத்துக்குடிப் போராட்ட வழக்குகளில் பெரும்பாலானவை 2021 மே மாதம் அப்படித்தான் திரும்பப் பெறப்பட்டன. அடுத்த தடவை அதிகாரிகளோடு பேசும்போது இந்தக் கோரிக்கையைத்தான் முதலில் வைக்க வேண்டும். அன்று மூன்றாவது நாள் வைத்திருக்க வேண்டியது, அப்போது சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது.

முப்பதாம் நாள் கூட்டம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். செத்தவனுக்காக ஊர் கூடாமல் வேறு எதற்குக் கூடும்? முன்கூட்டியே அனுமதி மனு கொடுத்து ரசீது வாங்குங்கள், மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள், அதை வைத்து மதுரைக் கிளைக்குப் போகலாம். சாலை மறியல் மட்டும் வேண்டாம், இன்னொரு 23 பெயரை நாமே எழுதிக் கொடுப்பதாகும். இன்னொன்று. சுட்டவர் என்ன சாதி என்று பையன்கள் தேடிக்கொண்டிருப்பதாகக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பேச்சு கிளம்பிய மறுநாளே இது இரண்டு ஊர்த் தகராறு ஆகிவிடும், முதுகில் பாய்ந்த குண்டைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். உங்கள் ஊரிலேயே ஏழு பேர் போலீஸில் இருக்கிறார்கள் என்கிறீர்கள், அவர்கள் வீட்டுப் பெண்களோடு நீங்கள் பேசுவதை விட்டுவிடாதீர்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். பெண்கள் வருமான வரம்பு இல்லாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம், மனு உங்கள் மாமியார் பெயரிலேயே இருக்கட்டும். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரு புகார் அனுப்புங்கள், அதற்குச் சம்பவத்திலிருந்து ஒரு வருஷம்தான் கெடு.

இப்போது மாமியாரின் கேள்வி. முடியும், ஆனால் ஒரே நாளில் முடியாது. செய்திக் குறிப்பில் வந்த சொல்லுக்குச் சட்டத்தில் பெரிய மதிப்பு இல்லை. போலீஸ் போட்ட எஃப்.ஐ.ஆரில் அவன் பெயர் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் முக்கியம். இருந்தால், அவனுக்கும் அந்த ஆளுக்கும் தொடர்பு இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு அந்தப் பெயரை நீக்க ரிட் மனுவில் தனிக் கோரிக்கையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பட்டறை முதலாளியிடம் அன்று எத்தனை மணிக்கு வேலை முடிந்து கிளம்பினான் என்று எழுதி வாங்குங்கள். அவன் போன் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். அதைப் போலீஸ் எடுத்திருந்தால், அழைப்புப் பதிவுகளை அவர்களே எடுத்துக் காட்டட்டும்.

ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணைக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மாமியாரை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எழுந்து வர வேண்டாம். ‘என் மகன் கூட்டாளி இல்லை, பரோட்டா வாங்கத்தான் போனான், நான்தான் காசு கொடுத்து அனுப்பினேன்’ என்று அவர் வாயால் சொல்லட்டும், அதே வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை நீங்கள் ஒரு தடவை சத்தமாக வாசித்துக் காட்டிய பிறகு அவர் கைநாட்டு வைத்தால் போதும்.